நிச்சயதார்த்த வீடியோவில் ஆடிய தலை

மூன்று வருஷத்துக்கு முந்தைய வைகாசி மாதம். மும்பை தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் ஒற்றை அறை வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நானும் மனைவியும் மகளும் தரையில் உட்கார்ந்து மகளின் நிச்சயதார்த்த வீடியோவைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தோம். என் உயிருக்கு வந்திருந்த ஆபத்து அந்த வீடியோவில்தான் முதலில் தெரிந்தது.

நிச்சயம் முறைப்படி பெண் வீட்டில்தான் நடக்க வேண்டும். எங்கள் வீட்டில் பத்துப் பேர் உட்கார்ந்தால் பதினோராவது ஆள் அடுப்பின் மேல்தான் உட்கார வேண்டும். அதனால் நவி மும்பை நெருளில் மாப்பிள்ளை வீட்டார் குடியிருக்கும் கட்டடத்தின் ஹாலிலேயே வைத்துக்கொண்டோம். அவர்களும் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். நல்ல குடும்பம், ஒரே பையன், சொந்த ஃப்ளாட். தாராவியில் தோல் வெட்டுகிறவனின் மகளுக்கு இப்படி ஓர் இடம் அமைந்ததே என்று எங்கள் சந்து முழுக்கப் பேச்சு.

வீடியோவில் பெரியவர் ஒருவர் லக்னப் பத்திரிகை வாசிக்கிறார். நான் புதுச் சட்டையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். என் தலை மட்டும் மெல்ல மெல்ல ஆடிக்கொண்டே இருக்கிறது. வாசிப்பு நின்ற பிறகும் ஆடுகிறது. யாரும் எதுவும் கேட்காதபோதும் ஆடுகிறது.

மனைவிதான் முதலில் சிரித்தாள். "என்னத்துக்கு இப்படி மண்டைய ஆட்டுதீய? அவிய என்ன கேட்டாலும் சரின்னு சொல்லிருவீய போலுக்கு" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. மகள் சிரிக்கவில்லை. வீடியோவைத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். பிறகு போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"யப்பா, ஒங்களுக்கு இப்பவும் ஆடுது."

என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். நாடி ஒரு முறை துடித்தால் தலை ஒரு முறை ஆடியது.

நான் தோல் பை செய்யும் கார்கானாவில் கட்டிங் மாஸ்டர். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து கையில் கத்திதான். கொஞ்ச நாளாகவே மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. படுத்தால் நெஞ்சுக்குள் யாரோ உரலில் இடிப்பது போலிருக்கும். வயசு, தோல் தூசி, ராத்திரி சாப்பிட்ட பரோட்டா என்று ஒவ்வொன்றாகக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். தலை ஆடுவது எனக்கே தெரியாது. கார்கானாவில் பையன்கள், மாஸ்டர் மனசுக்குள்ளே பாட்டுப் போட்டிருக்கார் என்று கேலி செய்ததுண்டு. அது இதுதான் என்று அப்போது விளங்கவில்லை.

பக்கத்து டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டதுமே முகம் மாறி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டார். அங்கே எக்கோ எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். கடைசியில் அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர் முன்னால் நாங்கள் மூன்று பேரும் போய் உட்கார்ந்தோம். மராத்திக்காரர், என் வயதுதான் இருக்கும். ஹிந்தியில் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

இதயத்திலிருந்து உடம்பு முழுவதற்கும் ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய், இதயத்தை விட்டு வெளியேறும் இடத்திலேயே பலூன் மாதிரி வீங்கிவிட்டது. வாசல் அகன்றுபோனதால் அங்கே கதவாக இருக்கும் வால்வின் மூன்று இதழ்களும் ஒன்றோடொன்று சேரவில்லை. வெளியே தள்ளிய ரத்தத்தில் பெரும்பங்கு திரும்ப உள்ளே கொட்டுகிறது. அதை ஈடுகட்ட இதயம் மறுபடி ஓங்கித் தள்ளுகிறது. அந்த ஓங்குதலில்தான் தலை ஆடுகிறது. வீக்கம் எந்த நாளும் கிழியலாம். கிழிந்தால் ஆம்புலன்ஸுக்குப் போன் போட நேரம் இருக்காது என்றார்.

எதிர்வீட்டுக்காரருக்கு அடைப்பு வந்தபோது கையில் ஒயர் விட்டு ஸ்டென்ட் வைத்து, அவர் மறுநாளே நடந்து வந்தார். அதேபோல் செய்ய முடியாதா என்று மனைவி கேட்கச் சொன்னாள். அது அடைப்புக்கு, இது வீக்கம், அதுவும் குழாயின் வேரில், நெஞ்சைத் திறந்துதான் ஆக வேண்டும் என்று டாக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். மாத்திரையால் வீக்கம் சுருங்காது. ரத்த அழுத்தத்தை அடக்கிவைத்துக் கிழியாமல் பார்த்துக்கொள்ளத்தான் மாத்திரை.

பிறகு வழிகளைச் சொன்னார். வீங்கிய குழாயை வெட்டி எடுத்துவிட்டு, நெய்த பாலியெஸ்டர் குழாயை அந்த இடத்தில் தைக்க வேண்டும். இதில் மாற்றமே கிடையாது. வால்வை என்ன செய்வது என்பதில்தான் மூன்று வழி.

உலோக வால்வு வைக்கலாம். அது ஆயுசுக்கும் உழைக்கும். ஆனால் அதில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க, ஆயுசுக்கும் ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். அடிக்கடி ரத்தம் கொடுத்து அளவு பார்க்க வேண்டும். கீரையைக்கூட இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைக்கக் கூடாது. சின்ன வெட்டுப் பட்டாலும் ரத்தம் சட்டென்று நிற்காது. இதைச் சொல்லும்போதே அவர் பார்வை என் இடது கையில் நின்றது. கட்டிங்காரன் இடது கை எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என்ன வேலை என்று கேட்டார், சொன்னேன். உலோகம் வைத்தால் கத்தியை விட்டுவிடுங்கள் என்றார்.

இரண்டாவது, மாட்டின் இதயத்தைச் சுற்றியிருக்கும் சவ்வைப் பதப்படுத்திச் செய்த வால்வு. ஆயுசுக்கும் மாத்திரை வேண்டாம், கத்தியும் பிடிக்கலாம். எதில் போட்டுப் பதப்படுத்துவார்கள் என்று கேட்டேன். ஏதோ மருந்தின் பெயர் சொன்னார். அது தோல் பதனிடும் வேலைதானே என்றேன். ஒரு விதத்தில் அதேதான் என்று அவரும் சிரித்தார். அப்படியானால் அதன் கதை எனக்குத் தெரியும். எவ்வளவு நல்ல தோலானாலும் ஓயாமல் மடங்கி மடங்கி விரிந்தால் ஒரு நாள் விறைக்கும், மடிப்பில் விரிசல் விடும். அவரும் அதையேதான் சொன்னார். பத்துப் பதினைந்து வருஷத்தில் விறைத்துப்போகும், அப்போது மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டி வரலாம், முதல் தடவையைவிட அது கஷ்டம்.

மூன்றாவது வழியில் சொந்த வால்வையே எடுத்துப் புதுக் குழாய்க்குள் பொருத்தித் தைத்துவிடுவது. மாத்திரையும் வேண்டாம், விறைக்கிற பயமும் குறைவு. எல்லாவற்றிலும் அதுதான் மேல். ஆனால் இதழ்கள் நைந்துபோகாமல் இருக்க வேண்டும். திறந்து பார்த்தால்தான் தெரியும். நாள் ஆக ஆக இதழ்கள் இழுபட்டு நைந்துகொண்டே போகும் என்பதால் இந்த மாதமே வந்துவிடுங்கள் என்றார்.

நான் அங்கேயே முடிவு செய்துவிட்டேன். சொந்த வால்வு தேறினால் நல்லது. தேறாவிட்டால் மாட்டுச் சவ்வு. தோலிலேயே வாழ்ந்தவனுக்கு உள்ளேயும் தோலே இருக்கட்டும், கத்தியை மட்டும் விட முடியாது.

கிளம்பும்போது டாக்டர், குடும்பத்தில் யாராவது திடீரென்று இறந்தார்களா என்று கேட்டார். என் அப்பா நாற்பது வயதில் வயல் வரப்பில் நடந்துகொண்டிருந்தவர் அப்படியே விழுந்து செத்தார். பாம்பு தீண்டியது என்றார்கள், காத்துக் கருப்பு என்றார்கள். டாக்டர் இது ரத்தத்தில் வருவதாக இருக்கலாம் என்றார். பிறகு என் மகளைக் காட்டி, இவளுக்கும் ஒரு எக்கோ எடுத்துவிடுங்கள் என்றார். மனைவி சாபம் கேட்டவள் மாதிரி எழுந்து வெளியே போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே செம்பூரிலிருந்து மச்சானை வரவழைத்தாள். மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். மகளைத் தண்ணீர் பிடிக்க அனுப்பிவிட்டோம். கல்யாணம் தை மாதம். மாட்டுங்காவில் மண்டபம் பேசியாயிற்று.

மச்சான் சுற்றி வளைக்காமல் சொன்னான். "அத்தான், தப்பா எடுத்துக்கிடாதிய. ஆபரேஷன்ல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டுன்னா, வருஷம் திரும்புற வரைக்கும் வீட்ல நல்ல காரியம் கெடையாது. மாப்பிள்ளை வீட்ல அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருப்பாவளா?"

அவன் சொல்லாமல் விட்டதை மனைவி சொன்னாள். நிச்சயம் செய்த கையோடு அப்பன் போய்விட்டால், அப்பனை முழுங்கியவள் என்று பெண்ணுக்குத்தான் பேர் வரும். பிறகு அவளை யார் எடுப்பார்கள்? பரம்பரை நோய் என்று தெரிந்தால் அதற்கு மேல் பேச்சே இல்லை. ஆகவே தை வரைக்கும் ஆபரேஷன் வேண்டாம், யாருக்கும் தெரியவும் வேண்டாம், மகளுக்கு எக்கோ கிக்கோ எதுவும் வேண்டாம். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை நடத்தச் சொல்லி பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள் என்று கேட்டாள்.

நான் சரியென்றேன். என் தலைதான் எப்போதும் ஆடிக்கொண்டிருந்ததே, அது வேறு விஷயம். அன்று நானும் சேர்ந்துதான் ஆட்டினேன். எனக்கும் ஓர் ஆசை இருந்தது. மகளின் கையைப் பிடித்துத் தண்ணீர் விட்டுத் தாரை வார்த்துக் கொடுப்பது அப்பனின் வேலை. அதை என் இடத்தில் வேறு ஒருவன் நின்று செய்வதை நினைக்கவே எனக்குப் பொறுக்கவில்லை. உயிரைத் தை கழிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று துணிந்தேன்.

அடுத்து வந்த மாதங்கள் நரகம். மழை கொட்டிய நாட்களில் கார்கானாவுக்குப் போகும் வழியில் முழங்கால் தண்ணீரில் நடக்கும்போது, இந்த இடத்தில் கிழிந்தால் யார் தூக்குவார்கள் என்று யோசித்தபடியே போவேன். முதுகுவலி என்று சொல்லி எந்தப் பாரமும் தூக்காமல் தப்பித்தேன். இருமல் வந்தால் பயம், தும்மல் வந்தால் பயம், கக்கூஸில் முக்கினால் பயம். பக்கத்தில் படுத்திருக்கும் மனைவி என் மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே கிடப்பாள். அவள் கல் மனசுக்காரி என்று யாரும் நினைக்க வேண்டாம். பயந்த மனுஷி, அவ்வளவுதான்.

தீபாவளிக்குச் சீர் பேச மாப்பிள்ளையின் அம்மா வீட்டுக்கு வந்தார்கள். தலை ஆடுவது தெரியாமலிருக்க நான் கன்னத்தில் கையை ஊன்றி உட்கார்ந்துகொண்டேன். "கன்னத்துல கை வைக்காதிய சம்பந்தி, வீட்டுக்கு ஆகாது" என்றார்கள். கையை எடுத்தேன். தலை ஆட ஆரம்பித்தது. வேறு வழியில்லாமல் அவர்கள் கிளம்பும் வரை நிறுத்தாமல் ஏதாவது பேசிக்கொண்டே இருந்தேன், பேச்சுக்கு ஆடுவது போல் இருக்கட்டும் என்று. சம்பந்தி இவ்வளவு கலகலப்பான ஆள் என்று தெரியாதே என்று அந்த அம்மா சந்தோஷமாகப் போனார்கள்.

மகள் சும்மா இருக்கவில்லை. ஆபரேஷனைப் பற்றித் திரும்பத் திரும்ப எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் அவள் அம்மா அழுது அவள் வாயை அடைத்தாள். பிறகு அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். காலையில் சயானில் ரயில் ஏறி, குர்லாவில் மாறி, வாஷியில் இருக்கும் ஆபீசுக்குப் போவாள், வருவாள். புடவை எடுக்கக் கூப்பிட்டால் நீங்களே எடுங்கள் என்பாள். கல்யாணப் பெண்ணுக்கு வெட்கம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். எங்களைப் போல முட்டாள்கள் உண்டா!

கார்த்திகையில் ஒரு சாயங்காலம் மாப்பிள்ளையின் அம்மாவிடமிருந்து போன் வந்தது. மனைவிதான் எடுத்தாள். அந்த அம்மா சண்டை போடவில்லை. பொண்ணே எல்லாத்தையும் சொல்லிட்டா, எங்களுக்கும் ஒரே பையன், தப்பா நினைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். மனைவி போனைக் கையில் வைத்துக்கொண்டே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

மகள் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் முதுகில் அம்மாவின் அடி விழுந்தது. எதற்குச் சொன்னாய், எதற்குச் சொன்னாய் என்று கேட்டு அடித்தாள். மகள் தடுக்கவில்லை, அழவும் இல்லை. அடி ஓய்ந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"யப்பா, தைக்குக் கல்யாணம் இருக்குன்னுதான ஆபரேஷன தள்ளிப் போட்டீய. இப்ப கல்யாணம் இல்ல. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

அவளை அப்போது எனக்குப் பிடிக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன். என் நோயை வெளியே காட்டி, சம்பந்தி முன்னால் என்னைப் பொய்யனாக்கிவிட்டாள், கையில் விழுந்த நல்ல வாழ்க்கையைத் தட்டிவிட்டாள் என்று நெஞ்சு கொதித்தது. மறுநாள் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம், வழியெல்லாம் டாக்சியில் அவளோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். அதற்கும் கூடவே வந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

டாக்டர் படத்தைப் பார்த்தார். வீக்கம் இன்னும் கூடியிருக்கிறது என்றார். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் என் மகள் பக்கம் திரும்பி, உன்னுடைய அடுத்த எக்கோ ஒரு வருஷம் கழித்து, மறந்துவிடாதே என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன எக்கோ என்றேன். டாக்டர் அவளைப் பார்த்தார், அவள் தரையைப் பார்த்தாள். அவள் சொல்லியிருப்பாள் என்று அவர் நினைத்திருக்கிறார் போலும்.

தீபாவளிக்கு முன்னாலேயே ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுத் தனியாக வந்து எக்கோ எடுத்திருக்கிறாள். அவளுக்கும் அதே இடத்தில் குழாய் லேசாக அகன்றிருக்கிறது. வால்வு நன்றாக இருக்கிறது. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், வருஷா வருஷம் அளந்து பார்த்தால் போதும். பாரம் தூக்கக் கூடாது. பிள்ளை பெறுவதென்றால் முன்கூட்டியே டாக்டர்களைக் கேட்டு, அவர்கள் சரியென்றால்தான். அதை மாப்பிள்ளையிடம் மறைக்க அவளுக்கு மனசு வரவில்லை. வாஷி ஸ்டேஷனில் நிற்கவைத்து, என் விஷயத்தையும் தன் விஷயத்தையும் அவளே சொல்லியிருக்கிறாள். அந்தப் பையன் சில வாரம் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு அம்மாவிடம் சொல்லியிருக்கிறான்.

எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா ஒங்களுக்குப் பிரஷர் ஏறும்பா. பிரஷர் ஏறுனா வெடிச்சிரும்னு டாக்டர் அன்னைக்கே சொல்லிருந்தாவல்லா."

தன் நெஞ்சுக்குள்ளும் அதே வீக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அம்மாவின் அடியை வாங்கிக்கொண்டு, என் முறைப்பையும் வாங்கிக்கொண்டு, என் பிரஷரைப் பார்த்து வாயை மூடியிருந்திருக்கிறாள். நான் அங்கேயே அழுதேன். டாக்டர் தண்ணீர் கொடுத்தார். மனைவிக்கு ஹிந்தி பாதிதான் புரியும். என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஒண்ணுமில்லம்மா, வீட்டுக்குப் போய்ச் சொல்லுதேன் என்றாள்.

அழுது முடித்ததும் டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். இவளுக்கு ஆபரேஷன் என்று வந்தால் எப்போது வரும்? சொல்ல முடியாது, வராமலேயும் போகலாம், பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் வரலாம் என்றார். ஒழுங்காகப் பார்த்துவந்தால், உங்களைப் போல வால்வு கெடும் வரை விடாமல், சொந்த வால்வோடு காப்பாற்றிவிட முடியும் என்று ஆறுதலும் சொன்னார்.

பத்துப் பன்னிரண்டு வருஷம். மாட்டுச் சவ்வு விறைக்கத் தொடங்குவதும் அந்தக் கணக்குக்குள்தான் வரும். ஒரு வீட்டில் ஒரு சமயத்தில் ஒருத்தர்தான் ஆபரேஷன் மேஜையில் படுக்கலாம். இன்னொருத்தர் வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும். சொந்த வால்வு தேறாவிட்டால் உலோகமே வைத்துவிடுங்கள் என்றேன். கத்தி என்ன ஆகும் என்று அவர் கேட்டார். போகட்டும் என்றேன். அன்று மகளோடு சேர்ந்து வீட்டுக்கு வந்தேன். வழியில் அவள் கைப்பையை வாங்கி நான் வைத்துக்கொண்டேன். பாரம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னது ஒங்களுக்கும்தான் என்று அதைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

ஆபரேஷன் அந்த வாரமே நடந்தது. எனக்கு ஒன்றும் தெரியாது. மருந்து கொடுத்தார்கள், கூரை விளக்கு மங்கியது, அவ்வளவுதான். வெளியே இருந்தவர்கள் பட்டதுதான் பாடு. காலையில் உள்ளே போனவனைச் சாயங்காலம் வெளியே கொண்டுவந்து, ரத்தம் நிற்கவில்லை என்று மறுபடி உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள். இரண்டாவது தடவை கதவு மூடியபோது என் மனைவி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, உன்னை அடித்த கை விளங்காமல் போகட்டும் என்று அழுதாளாம். இதை மச்சான்தான் எனக்குப் பிறகு சொன்னான். அவள் இன்றுவரை சொன்னதில்லை.

சொந்த வால்வு தேறவில்லை. இதழ்கள் நைந்து தொங்கிப்போயிருந்தன. உலோகம்தான் வைத்தார்கள். வைகாசியிலேயே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அவர் நல்ல மனுஷர். அதற்கு மேல் என்னைக் குத்த வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

இப்போது தலை ஆடுவதில்லை. அதற்குப் பதில் நெஞ்சுக்குள் கடிகாரம் மாதிரி டிக் டிக் என்று கேட்கிறது. ஒற்றை அறை வீடு, ஃபேனை நிறுத்தினால் மூன்று பேருக்கும் கேட்கும். கார்கானாவில் அளவெடுத்து, தோலில் கோடு போட்டுக் கொடுப்பதோடு என் வேலை முடிந்தது. நான் போட்ட கோட்டில் வேறு ஒருவன் கத்தியை இழுக்கிறான். அவன் இழுப்பு எனக்குப் பிடிக்கவில்லை, சொல்வதுமில்லை. ஒரு தடவை மறந்துபோய் அவன் கையிலிருந்து கத்தியை வாங்கிவிட்டேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அந்த மாப்பிள்ளைக்கு அடுத்த தையிலேயே வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. அவர்கள் மேல் கோபமே இல்லை என்று சொன்னால் பொய், கொஞ்சம் இருக்கிறது. அந்த அம்மாவின் இடத்தில் என் மனைவி இருந்திருந்தால் அவளும் அதையேதான் செய்திருப்பாள் என்பதும் தெரியும். மகளுக்கு அதற்குப் பிறகு இரண்டு இடம் வந்தது. இரண்டு பேரிடமும் அவளே முதலில் சொன்னாள். இரண்டு பேரும் திரும்ப வரவில்லை. அவள் அதே ரயிலில் அதே ஆபீசுக்குப் போய் வருகிறாள். வீட்டில் சிரித்துத்தான் பேசுகிறாள். அந்தச் சிரிப்பை நான் ரொம்ப நேரம் பார்ப்பதில்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை அவளுக்கு எக்கோ. நான் கூடப் போவேன். அவள் உள்ளே போனதும் வராந்தா பெஞ்சில் உட்காருவேன். போன தடவை பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, உங்கள் கைக்கடிகாரம் ரொம்பச் சத்தம் போடுகிறதே என்று ஹிந்தியில் கேட்டார். என் கையில் கடிகாரமே இல்லை. நெஞ்சின் மேல் சட்டைப் பொத்தானைத் தொட்டுக் காட்டினேன். அவர் என் முழங்கையை லேசாகத் தட்டிக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் மகள் வெளியே வந்து, அதே அளவுதான்பா, கூடல என்றாள்.

அந்தத் தையில் மண்டபத்தில் மகளைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவன் நான். கடைசியில் அவளிடமிருந்து என் ஆயுசை வாங்கிக்கொண்டவனாகிப் போனேன், வாங்கியது என் நெஞ்சுக்குள் இன்னும் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறது.